மூன்று விநாடித் தரிசனம்

டீ நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷன் டீயைப் பற்றி எங்கள் கல்லூரியில் பரப்பியதெல்லாம் வதந்தி.

நாங்கள் ஓட்டிப் பார்த்தது டிரைவர் இல்லாத இரண்டு வேன்கள். முன்வேன் தான் செய்யப்போவதை ரேடியோவில் சொல்லும். பின்வேன் அதைக் கேட்டு, நான்கு மீட்டர் தள்ளி அப்படியே செய்யும். ஹார்ன் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. இந்த ஊர் ரோட்டுக்குக் கொஞ்சம் அதிகப்படியான நாகரிகம்தான். கிழக்கே கோட்டையைச் சுற்றி நூறு ஓட்டம், மனிதக் கை படாமல் முடித்தால் தேசியப் போட்டிக்கு அனுப்புவதாக விஜயலக்ஷ்மி மிஸ் சொல்லியிருந்தார். வேனை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அமுக்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சிக்கலைக் கொண்டுவந்தவர் திரவியம் அண்ணாச்சி. ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம். தினமும் முன்வேனில் இலவசமாக வருகிறவர்.

"எடே மக்கா, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடாத வண்டி எங்க போயிடே சேரும்?" என்றார்.

நியாயமான கேள்வி. கோயில் முன்னால் மூன்று விநாடி நிற்கும்படி எழுதிச் சேர்த்தேன்.

"மூணு செகண்டுல தேங்கா ஒடைக்க முடியுமாடே? பிள்ளையாரு என்ன பஸ் கண்டக்டரா, விசில் அடிச்சு அனுப்ப?"

"கும்பிட மட்டும்தான் அண்ணாச்சி. தேங்காய்க்கு ஆட்டோ பிடிங்க."

வேன்கள் நின்றால் ஜனங்கள் நடுவே புகுந்து கடப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வேன் தயங்கும், முன்வேன் போய்விடும், ஜோடி பிரிந்தால் அந்த ஓட்டம் செல்லாது. அதனால் பின்வேனுக்கு ஒரு வரி எழுதினேன்: இந்த இடத்தில் மட்டும் உன் கேமராவை நம்பாதே, முன்னால் இருப்பவர் சொல்வதை நம்பு. எங்கள் கல்லூரியே அப்படித்தான் நடக்கிறது, நாக் அங்கீகாரமும் வாங்கியிருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் நீதுவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"எடா, யாராவது நடுவுல நின்னுட்டா?"

"மூணு செகண்டுல எவன் நிப்பான்?"

தொண்ணூற்றொன்பது ஓட்டங்களில் எவனும் நிற்கவில்லை. புள்ளிவிவரம் என் பக்கம்தான் இருந்தது.

நேற்றுக் காலை நூறாவது. நானும் நீதுவும் பின்வேனில். பழவங்காடியில் நின்றதும் அண்ணாச்சி முன்வேனின் பின்கதவைத் திறந்து, ஒரு தேங்காயோடு இறங்கினார். கதவைப் பொறுப்பாகச் சாத்தினார்; அது திறந்திருந்தவரை முன்வேன் விநாடிகளை எண்ணவில்லை. தேங்காய் கை நழுவி எங்கள் வேனுக்கடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தார். முன்வேன் "புறப்படுகிறேன்" என்றது. எங்கள் வேனும் புறப்பட்டது. மிக மென்மையான புறப்பாடு. மடியில் வைத்திருந்த லேப்டாப்கூட நகரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நல்ல மனிதர்.

பொத்தானை அமுக்க நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவர் குனிந்ததைப் பார்த்தேன். இது நூறாவது என்று நினைத்தேன். அவர் எழுந்துவிடுவார் என்றும் நினைத்தேன். அந்த வரிசையில்.

"அமுக்குடா, எடா, அண்ணாச்சி கீழ இருக்காரு," என்று நீது பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடம் இன்னும் கன்றிப்போயிருப்பதாக எஸ்.ஐ. எழுதியிருக்கிறார். அந்த வரியைக் கொஞ்சம் திருத்த வேண்டும் சார். அவள் மிகவும் பயந்திருந்தாள். ஆறுதலாகத்தான் பிடித்தேன்.