வத்தல்மலையில் பதினொரு பிள்ளைகள்

பெருமதிப்பிற்குரிய அக்கிராசனர் அவர்களே! வத்தல்மலைக்குப் பாலர் பள்ளி உண்டா இல்லையா என்று நாளைக் காலை முடிவெடுக்கப் போகும் ஜில்லா போர்டு அங்கத்தினர்களே! தர்மபுரிப் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் மாளாத கவலையுமாக மலையிறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் முன் தலைதாழ்ந்து நிற்கிறேன். வணக்கத்தால் பாதி, வெட்கத்தால் பாதி தாழ்ந்த தலை இது.

மூன்றாண்டுகளுக்கு முன், 1943இல், சர்வகலாசாலை ஆராய்ச்சி மாணவனாக மொரப்பூரில் ரயிலிறங்கி வத்தல்மலை ஏறினேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், தாய் காட்டுக்குப் போனால் அவர்களைப் பார்த்துக்கொள்வது யார் என்று வீடுவீடாகக் கேட்டேன். பதினொரு பிள்ளைகள் என்று எழுதி முடித்தேன். பட்டம் வந்தது, பாராட்டு வந்தது, பூமாலை வந்தது. மலைக்கு என்ன வந்தது? "பதினொரு பிள்ளைக்கா ஒரு பாலர் பள்ளி?" என்று என் புத்தகத்தைக் காட்டிப் போர்டு கைவிரித்தது.

கணக்கு தப்பு, பெரியோர்களே! குலதெய்வத்துக்கு மொட்டை போடும்வரை ஒரு பிள்ளையைத் தன் பிள்ளை என்று வாய்விட்டுச் சொன்னால் அது தங்காது என்ற பயம்; அந்த ஊர்த் தாய்மார் சொல்லத் துணிவதில்லை. நான் அதை அறியவில்லை. அறிய முயலவுமில்லை. சென்ற மாதம் மறுபடி போனபோது, இதோ முன்வரிசையில் இருக்கும் குள்ளம்மாள் சொன்னார்:

"நீங்க எழுதறப்ப எம்புள்ள உங்க கால்கிட்டதாங்க உக்காந்திருந்தான். மொட்ட போடாத புள்ளய எப்பிடிங்க சொல்றது? பேருகூட வெக்கல. அடுத்த வருசம் நான் சாம அறுக்கப் போயிட்டனுங்க. வூட்ல பாத்துக்க ஆளில்ல. அடுப்புல வுழுந்து செத்துப்போயிட்டான்."

காலருகே இருந்தவனைக் காணாத கண் என்ன கண்? கேட்டதை மட்டும் எழுதிய கை என்ன கை? நாலு நாள் தங்கி நல்லபடி விசாரித்திருந்தால் பள்ளி வந்திருக்குமே! பள்ளி வந்திருந்தால் பச்சைப் பிள்ளை தனியே இருந்திருக்குமா?

அங்கத்தினர்களே! என் புத்தகத்தை நாளை உங்கள் மேசையில் வைக்காதீர்கள். அதைக் காட்டி இனி எவரும் பள்ளி இல்லை என்று சொல்லக்கூடாது. என் பட்டத்தைப் பறித்தாலும் பாதகமில்லை, பள்ளியைக் கொடுங்கள்!

என்ன தாயே, எழுந்துவிட்டீர்கள்? "இப்பவாச்சும் செரியா எழுதுனீங்களா?" என்கிறீர்கள். எழுதினேன் அம்மா. இந்த முறை பிள்ளை எத்தனை என்று கேட்கவில்லை; எத்தனை சின்ன வாய்க்குக் களி ஊட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அறுபத்து மூன்று என்று எழுதியிருக்கிறேன்.

அறுபத்து நான்காக இருந்திருக்க வேண்டும்.

பிழை செய்தவன் பேச்சையும் பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. மலைத் தாய்மார்களே, உங்களுக்கு என் வணக்கம்.