எட்டு காசு கெப்பாசிட்டர்

— ஒரு மனுஷனோட மூச்சுக்கு எட்டு காசுன்னு விலை போட்டுட்டியே, அண்ணே! உன் வியாபார மூளையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு டிக்கெட் போடணும்.

— கடைக்குள்ள கால் வைக்கும்போதே கத்தணுமா, தங்கச்சி? என்ன எட்டு காசு?

— நூத்தஞ்சு டிகிரி தாங்குற கெப்பாசிட்டர் வாங்குன்னு எழுதிக் குடுத்தேன். எட்டு காசு மிச்சம்னு எம்பத்தஞ்சு தாங்குறதை வாங்கியிருக்கே. டிராயர்ல பில்லைப் பாத்துட்டேன். மூச்சு மெஷின் நாப்பது வித்தோம். முப்பத்தொம்பது திரும்பி வந்து குவிஞ்சு கிடக்கு. ஒண்ணு விடாம இருபதாவது நாள் நின்னிருக்கு.

— ரெண்டும் ஒரே உசரம், ஒரே நிறம்தானேம்மா.

— பொண்ணு பாக்கவா போனே, உசரமும் நிறமும் பாக்க?

— சரி, எந்த வீட்டுல நூத்தஞ்சு டிகிரி அடிக்குது? அங்க படுத்திருக்கிறவன் வெந்துல்ல போயிருப்பான். அவனுக்கு எதுக்கு மெஷினு?

— வீட்டுல இல்ல, போர்டுல! கெப்பாசிட்டரை ஒட்டினாப்ல, கரண்டை அடக்குற ரெகுலேட்டர் அடுப்பா எரியுது. சூடு காட்டுற கேமரால பாத்தேன், தொண்ணூத்தாறு. எம்பத்தஞ்சு எப்படித் தாங்கும்? தொப்பை போட்டு நிக்குது, உன்னை மாதிரியே.

— ரெண்டையும் தள்ளி வச்சிருக்கலாமே?

— பெட்டி கைக்கு அடக்கமா இருக்கணும்னு குதிச்சது யாரு? என் டிசைன்ல கை வைக்காதே. சாட்சி வச்சிருக்கேன். என் மாமியார் கட்டில் பக்கத்துல ஓடுதே நாப்பதாவது, அது நானே பாத்துப் பாத்து ஈயம் வச்சுப் பத்த வச்சது. நாலு மாசமா ஒரு நிமிஷம் நிக்கல. அவங்க உசுரே அதுலதான் ஓடுது. மரியாதையா, "கஞ்சத்தனம் பண்ணது நான்தான்"னு எல்லாருக்கும் கடுதாசி எழுது.

— எழுதறேன். அதுக்கு முன்னாடி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, திரும்பி வந்த இந்த போர்டுல கெப்பாசிட்டர் மேல போட்டிருக்கிற நம்பரைப் படி.

— நூத்தஞ்சு.

— அடுத்தது?

— இதுவும் நூத்தஞ்சு. அண்ணே, இது...

— பில்லைப் படிச்சவ பொருளைப் படிக்கல. எம்பத்தஞ்சு வாங்கினது வாஸ்தவம். உன் வாய்க்குப் பயந்து மறுநாளே மாத்திட்டேன். எட்டு காசு போனா போகுது, காதாவது மிஞ்சட்டும்னு.

— போலியா இருக்கும்! சல்லிசுன்னு எவனாவது உன் தலையில...

— நீ பத்த வச்சியே, அதுவும் இதே டப்பாவுல எடுத்ததுதான். போகட்டும். கேமரால சூடு பாத்தப்ப பெட்டியோட மூடி எங்க இருந்துச்சு?

— கழட்டி மேஜையில. போட்டா கேமராவுக்கு மூடிதானே தெரியும்?

— காலையில நம்ம ரிப்பேர்காரர் மூடியில ஓட்டை போட்டு, சூடு அளக்குற ஒயரை உள்ள விட்டார். நூத்திருபத்தஞ்சு! ஊர்ல எல்லாரும் மூடியைக் கழட்டி வச்சா மூச்சு விடுறாங்க, மேதை?

— அப்ப மாமியாருது மட்டும் எப்படி...

— உன் மேஜையிலிருந்து மொட்டையாத் தூக்கிட்டுப் போனது. மூடி இங்கதான் கிடந்துச்சு.

— கிடந்துச்சுன்னா? இப்ப எங்க?

— உன் வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனாரு. உள்ள தூசி அடையுதாம். எனக்கென்ன தெரியும், மூடிதானேன்னு குடுத்தேன்.

— எப்ப?

— சம்பளம் போட்ட அன்னிக்கு. இரு, எண்ணிக்கிறேன்... ஐயையோ! இந்தா வண்டிச் சாவி, ஓடு. மூடி மாட்டி இருபது நாள்ல பத்தொம்பது போயிடுச்சு. பாக்கி ஒண்ணு.