சந்திரபட்டணத்துக் கடைவரி

என் அப்பாவின் மானம் பெட்டி முப்பது ரூபாய்க்குப் போயிற்று, பாலக்கோடு தக்காளி மண்டியில். அதிலும் பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி கழிவு.

விலை வைத்தவர் கமிஷன் கடை முருகேஷ். "இது கொழம்புக்கு ஆகாதுங்க பெரியவரே, மாட்டுக்குக் கொட்டுங்க" என்று அப்பாவின் தக்காளிப் பெட்டியைக் காலால் தள்ளினார். மரியாதையில் குறை வைக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அப்பா அதன்பின் மண்டிப் பக்கமே வரவில்லை.

நீங்கள் கேட்டது விளையாட்டைப் பற்றி, இன்ஸ்பெக்டர் சார். சந்திரபட்டணம் என்பது ஓர் ஆன்லைன் விளையாட்டில் உள்ள ஊர். சண்டை போடுகிறவர்கள் சண்டை போடலாம். வியாபாரம் தெரிந்தவர்கள் கடை பிடித்து மருந்தும் கவசமும் விற்கலாம். அந்த ஊருக்குத் தலைவன் நான். கடைவரி எவ்வளவு என்பது என் வாய்ச்சொல். முருகேஷை அங்கே இழுத்து வந்ததும் நான்தான். "தங்கக் காச நெசப் பணமா மாத்திக்கலாங்ண்ணா, சரக்கு அழுகவே அழுகாது" என்றேன். தலைவன் யாரென்று மட்டும் சொல்லவில்லை.

சரக்கு அழுகாது என்பது அவர் புத்திக்கு எட்டியது, கைக்கு எட்டவில்லை. முப்பது வருடம் தக்காளி விற்ற கை, பொழுது சாய்ந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிடும். ஆகவே தினமும் மாலை நான்கு மணிக்கு வரியை ஏற்றினேன். ஐந்துக்குள் பதறி விற்றார். வேறு பெயரில் நானே வாங்கி, காலையில் அவருக்கே இரண்டு மடங்குக்குக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் அவர் மகள் வெண்மதியின் நர்சிங் படிப்புப் பணம் கரைந்தது. அடுத்து வீட்டுப் பத்திரம்.

பகலில் என்னிடமே புலம்புவார்: "எவன்டா அந்தத் தலைவன்? ஈவு இரக்கமில்லாத பய."

"பெரிய கைங்ண்ணா, அனுசரிச்சுப் போங்க" என்பேன். டீயும் என் செலவுதான்.

கடைசி நாள், தலைவனுக்கு ஒரு செய்தி வந்தது. "ஐயா, பொம்மிடி ரயில் டேசன்ல உக்காந்திருக்கறன். பத்து நாளைக்கு வரிய நிறுத்தி வெச்சீங்கன்னா வூட்டுக்குப் போயிருவன். இல்லாட்டி எனக்குப் போக எடமில்லீங்க."

எனக்குப் புரியாமல் இல்லை. அவர் எண் என் போனில் இருந்தது; ஓர் அழைப்பு போதும். "மொதல்ல இன்னிக்கு வரி" என்று எழுதினேன். நூறு தங்கக் காசு கட்ட வேண்டியவர், கையிலிருந்த அறுபத்திரண்டு காசையும் கட்டினார். "இப்பங்க?" என்று கேட்டார். நான் பதில் போடாமல் சாப்பிடப் போய்விட்டேன். சேலம் ரயில் போனபின் அவர் எங்கே கிடந்தார் என்பது உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது.

மீதி முப்பத்தெட்டு. வெண்மதியிடம் போய் அதை எப்படிக் கேட்பது? மறுநாள் என் பையிலிருந்து நானே கட்டினேன். இப்போது அவர் பேரில் ஒரு காசு பாக்கியில்லை, சார்.