வெயில் வந்தால் உளறுவது

ஏரியூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் பாலிடெக்னிக் மாணவிகள் இருவர் லேப்டாப்போடு இருந்தார்கள்; மூன்றாமவள் சல்மா வரவில்லை, கல்லூரித் தகரக் கொட்டகையில் தூரத்திலிருந்து நெட் வழியாகப் பல்பை எரியவைக்க அவர்கள் செய்த மின்னணு போர்டின் பக்கத்தில் நின்றாள்.

“வெயில் ஏறுனா உளறுதுடி!” என்றாள் மடியில் லேப்டாப் வைத்திருந்தவள்.

“யாரும்மா? ஆஸ்பத்திரிகிட்ட நிறுத்தட்டா?” என்றார் கண்டக்டர்.

“எங்க போர்டுங்கண்ணா! சூட்டுல அதுக்குள்ள இருக்கற கடிகாரத்தோட வேகம் மாறிடுது. லேப்டாப் சொல்றது அதுக்குப் புரியல.”

“நேத்துதான் சூட்டுக்கு வேகம் மாறாத கடிகாரக் கிறிஸ்டல் போட்டோமே, அனுப்புடி. மூணு மணிக்கு சார் மார்க் போடணும்,” என்றாள் மற்றவள்.

லேப்டாப்காரி பட்டனைத் தட்டினாள். போன் அடித்தது.

“எரியுதுடி! உச்சி வெயில்ல பல்பு எரியுது!” சல்மாவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. இருவரும் சீட்டிலேயே குதித்தார்கள்.

“அந்தக் கிறிஸ்டலு எவ்ளோம்மா?” என்றார் கண்டக்டர்.

“பன்னெண்டு ரூபாங்கண்ணா!”