ஒரே பையில் வந்த இரண்டு விண்ணப்பங்கள்

என் குறிப்பேட்டில் இருப்பது: “செவ்வாய், காலை பத்து மணி. வெள்ளவத்தை, பொலிஸ் பதிவு வரிசை.” கொழும்பில் தங்கும் தமிழர்கள் பொலிசில் பதிய வேண்டியிருந்த யுத்த காலம்; ஆண்டைக் குறிக்கத் தவறிவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். மூத்தவர் ஆசிரியை; அவரின் கையில், கூடப்படித்த ஒருவர் தன் ஆராய்ச்சியைப் பற்றி லண்டனிலிருந்து எழுதிய கடிதம் இருந்தது.

“என்ன ஆராய்ச்சியாம், ரீச்சர்?” என்று இளையவள் கேட்டாள்.

“ஆதியில அண்டவெளியில கிடந்த வாயுவை இருண்ட பொருள் இழுத்துச் சேர்த்ததாம். காந்தப்புலம் சேரவிடாமத் தடுத்ததாம். அவருக்குக் காந்தப்புலம் சொல்லிக்குடுத்ததே நான்தான்!”

“எரிச்சலோ?”

“பின்ன? வகுப்பில முதலாம் பிள்ளை நான். யாழ்ப்பாணத்துத் தபாலை நம்பேலாதெண்டு, அவர் கொழும்புக்கு வரேக்க என்ர புலமைப்பரிசில் விண்ணப்பத்தையும் குடுத்துவிட்டனான், இங்க போடச் சொல்லி. அவற்ற போய்ச் சேர்ந்தது. என்ர சேரேல்லை.”

“போட்டிருப்பார், ரீச்சர்.”

“இருண்ட பொருளை ஒருத்தரும் காணேல்லையாம். வாயு போன போக்கை வச்சு நம்புறாங்களாம். இவர் தபாலில போட்டதையும் ஒருத்தரும் காணேல்லை. நான் எதை வச்சு நம்புறது?”

வரிசை நகர்ந்தது. அவர் கடிதத்தை மடித்து, பதிவுப் படிவத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்த விண்ணப்பம் தபாலில் போடப்பட்டதா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.