எனக்கு முன்னால் ஒருத்தி

டீ வேண்டாம் மேடம். நான் ஒரு நாளைக்கு ஒரு டீதான் குடிப்பேன், காலை நாலரை மணிக்கு. அதற்கு மேல் குடித்தால் இரவுத் தூக்கம் கெட்டு மறுநாள் மதியம் கண்ணைச் சொருகும். ஆறு வருடப் பழக்கம். நீங்கள் குடியுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கடன். மழையை நம்பி வாழக்கூடாது என்று பத்தாவது படிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். கல்லூரி முடித்ததும் குரூப் தேர்வுக்குப் படிக்கப் பெரம்பலூரில் அறை எடுத்தேன். தினமும் பதினான்கு மணி நேரம் படித்தேன். அண்ணன் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். ஊரில் அதைக் குறையாகப் பேசினார்கள். பிறகு அவர்களே தங்கள் பிள்ளைகளிடம் "ஹேமலதாவைப் பார்" என்று சொன்னார்கள்.

முதல் தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் வாய்ப்புப் போனது. ஒன்றரை மதிப்பெண். அன்றிலிருந்து எனக்கு முன்னால் ஒருத்தி நிற்பதாக நினைத்துக்கொள்வேன். அவளுக்கு முகம் கிடையாது. அவள் தூங்கும்போது நான் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம்தான் சிந்து வந்தாள். என் அத்தை மகள், என்னைவிட நான்கு மாதம் இளையவள். கிருஷ்ணம்மாள் அத்தையே கொண்டுவந்து விட்டார்.

"உங்கூட இருந்தா உருப்படுவாம்மா," என்றார். "ஒண்ணே ஒண்ணு. வலிப்பு மாத்திரைய மட்டும் நீயே எடுத்துக் குடுத்துடு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாலு வருஷமா வரல. இவகிட்ட விட்டா மறந்துடுவா."

பதினான்கு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிந்து ஒன்பது மணி நேரம் தூங்குவாள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மீதி நேரத்தில் வீட்டுக்காரம்மாவோடு பேச்சு, செல்போனில் பாட்டு. மாதிரித் தேர்வு வைத்தால் என்னைவிட அதிகம் வாங்குவாள்.

அது எப்படி முடியும்? நான் இல்லாதபோது படிக்கிறாள் என்று நினைத்தேன். குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, போன வேகத்தில் திரும்பி வந்து கதவைத் திறப்பேன். சுவரில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பாள். அவள் புத்தகங்களின் நடுவே ஒரு தலைமுடியை வைத்துவிட்டு நூலகத்துக்குப் போவேன். வந்து பார்த்தால் முடி வைத்த இடத்திலேயே இருக்கும். அதுதான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "எப்பிடித்தான் படிக்கற நீ?"

"ஒரு தடவ படிச்சா நிக்குதுடி. நீதான் உடம்ப ரொம்ப வருத்திக்கிற. கொஞ்சம் தூங்கு ஹேமா."

என்னை ஏன் தூங்கச் சொல்கிறாள் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதல்நிலைத் தேர்வில் இருவரும் தேறினோம். விடைக்குறிப்பை வைத்துப் பார்த்ததில் என்னைவிடப் பதினெட்டு மதிப்பெண் கூடுதல் அவளுக்கு. எனக்கு முன்னால் நின்றவளுக்கு அன்று முகம் வந்தது.

ஆயிரக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் ஒருத்தியை நிறுத்தி என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நீங்களும் தேர்வு எழுதித்தான் இந்த இன்ஸ்பெக்டர் நாற்காலிக்கு வந்திருப்பீர்கள். பக்கத்து மேசையில் ஒருத்தி உழைக்காமல் ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டே யாராலும் படிக்க முடியாது. அது உழைப்புக்குச் செய்கிற அவமரியாதை.

முதன்மைத் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தபோது மாத்திரையை மாற்றினேன். அதே நிறத்தில், அதே அளவில் ஒரு சத்து மாத்திரை. ஒருமுறை வலிப்பு வந்தால் போதும், அத்தை அவளை ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். கொல்வது என் திட்டத்தில் இல்லை. சிந்து தினமும் கையை நீட்டி வாங்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பார்த்துக்கூட வாங்கவில்லை.

நான்கு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள் பின்பக்கம் விழுந்துவிட்டாள். அங்கே கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். வலிப்பு வந்திருக்கும் என்று எல்லோருமே சொன்னார்கள். நான் குளித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துத் தேர்வு எழுதினேன். தேறினேன். அரியலூரில் வேலை கிடைத்தது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அத்தை என் ஆபீசுக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து சிந்துவின் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தார். விழுந்த அன்றே அந்த டப்பாவை நான் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அப்போது பாதிப் பாடம் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. வேறு எதிலும் மனதை விடவில்லை.

"அவ பைய ஒரு வருஷமா தொடலம்மா. இப்பதான் தொறந்தேன்," என்றார். "மெடிக்கல்ல காட்டுனேன். இது வலிப்பு மாத்திரையே இல்லங்கறாங்க."

"டாக்டர் மாத்தியிருப்பாரு அத்த."

"அவருகிட்டயும் போயிட்டுதான் வரேன்."

அத்தை அழவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீதான எடுத்துக் குடுப்ப," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் நீங்கள் வந்தீர்கள்.

மாத்திரை விஷயம் அத்தைக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் பாதி விடை எழுதிவிட்டு எழுந்துபோவது எனக்குப் பிடிக்காது.

அன்று நான் குளிக்கவில்லை. வீட்டுக்காரம்மாவும் ஊரில் இல்லை. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நேரம் வைத்துக்கொண்டு, மாதிரித் தாள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு முதலில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அடுத்து கொல்லைப்புறத்தில் கனமாக ஏதோ விழுந்தது. என்னவென்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக முனகலும் வந்தது. எனக்கு இரண்டு கேள்வி பாக்கி இருந்தது. உண்மைத் தேர்வில் வெளியே எது நடந்தாலும் எழுந்து போக முடியாது, இல்லையா? கொஞ்ச நேரத்தில் முனகலும் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மேடம், மூன்று மணி நேரத்துக்குள் எல்லாக் கேள்விக்கும் நான் விடை எழுதி முடித்தது அன்றுதான் முதல்முறை. படித்துப் பார்த்துத் திருத்த இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. திருத்திவிட்டுத்தான் கீழே போனேன்.