எந்தக் கால்?
கத்தாதீங்க சார். பக்கத்து ரூம்ல ஒருத்தங்க இப்பத்தான் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்காங்க. உட்காருங்க. உங்க சம்சாரம் இங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் சாப்பிடறதில்ல, பாத்ரூமுக்குள்ள போய் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறாங்க. அதானே?

அப்படி என்னதான் கவுன்சிலிங் பண்றேன்னு கேட்டீங்கல்ல, சொல்றேன். பதினாறு வருஷமா இதே வேலை. தீ விபத்து, வெள்ளம், பஸ் கவுந்தது, எல்லாம் பாத்தாச்சு. எல்லாம் சரியாயிடும்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தோளைத் தட்ட மாட்டேன். அழுதா டிஷ்யூகூட நீட்ட மாட்டேன். நீட்டினா, போதும் நிறுத்துன்னு சொல்ற மாதிரி எடுத்துக்குவாங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க, வெளிய நடந்து போனீங்களா, இப்படித்தான் கேப்பேன். அவங்களாப் பேசற வரைக்கும் சும்மா இருப்பேன். சும்மா இருக்கறதுதான் சார் இதுல கஷ்டம்.

உங்க வீட்டம்மா ஒம்போது வாரம் பேசவே இல்ல. அந்தத் தையல் கம்பெனி கட்டடம் இடிஞ்சதுல அவங்க மாடியில பொழைச்சது அவங்க ஒருத்தங்கதான். இதே நாற்காலி நுனியில உட்கார்ந்து, கைப்பை ஜிப்பைத் திறக்கறதும் மூடறதுமா இருப்பாங்க. பத்தாவது வாரம் ஜிப்பு கையோட பிஞ்சு வந்துடுச்சு. அதையே பாத்துட்டு இருந்தவங்க, அவர் உயிரோடதான் இருந்தாருன்னாங்க.

யாரா? ஓ, உங்ககிட்ட சொல்லலையா? அப்ப நான் சொல்லியிருக்கக் கூடாது. ரூல்படி தப்பு. சரி, பாதி கேட்டாச்சு, மீதியையும் கேட்டுட்டுப் போங்க.

அங்க இருந்த கட்டிங் மாஸ்டர். இடுப்புக்குக் கீழ தூண் விழுந்து கிடந்திருக்கான். இவங்க ஜன்னல் பக்கமா ஊர்ந்து போகும்போது கணுக்காலைப் பிடிச்சிட்டான். இன்னொரு காலால அவன் கையை உதைச்சிருக்காங்க. ஒரு தடவை இல்ல, நாலு தடவை. விட்டுட்டான். இவங்க வெளிய வந்து விழுந்ததும் மேல் மாடி அப்படியே இறங்கிடுச்சு.

தண்ணி வேணுமா? அந்த ஜக்குல இருக்கு.

என்ன சொல்லணுமோ அதை அன்னிக்கே சொல்லிட்டேன் சார். நீங்க செஞ்சது தப்பே இல்ல, நின்னிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்கன்னு. நம்பினாங்க. அடுத்த மாசமே நல்லாத் தூங்கினாங்க. ஒரு நாள் நீங்க வச்ச ரசத்தைச் சொல்லிச் சிரிச்சாங்க, இந்த ரூம்ல. அன்னிக்கே ஃபைலை மூடியிருக்கணும். ஆமா, நீங்க சொல்றது சரிதான். மூடல.

அதுக்கப்புறமும் ஏன் கூப்பிடறேன்னா, கேக்க வேண்டியது பாக்கி இருக்கு. எந்தக் கால், வலதா இடதா? பிடி இறுக்கமா இருந்துச்சா? கை சூடா இருந்துச்சா? எத்தனாவது உதைக்கு விட்டான், அவனா விட்டானா, விட வச்சீங்களா? ஒவ்வொரு வாரமும் கேப்பேன். போன வாரம் ஷூவைக் கழட்டச் சொல்லி, விரல் பதிஞ்ச இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். காட்டினாங்க.

தாராளமா புகார் குடுங்க. ஆனா ஒண்ணு, வேலைக்குப் போகலாம்னு நான் போடற கையெழுத்து இல்லாம எந்தக் கம்பெனியிலயும் அவங்களை மெஷின்ல உட்கார வைக்க மாட்டாங்க. அது அவங்களுக்கும் தெரியும். அதான் மறுபேச்சில்லாம வர்றாங்க.

அழாதீங்க சார். நான் வேற யார்கிட்ட போய்க் கேப்பேன், சொல்லுங்க? அந்த நேரத்துல அவன் பக்கத்துல இருந்தது உங்க சம்சாரம் ஒருத்தங்கதானே. வாரா வாரம் புதுசா ஏதாவது ஒண்ணு வருது. போன வாரம் சொன்னாங்க, காலைப் பிடிச்சப்ப அவன் அக்கா அக்கான்னு கூப்பிட்டானாம். தன்னைத்தான் கூப்பிட்டான்னு நினைச்சு, அதுக்கு ஒரு அழுகை. அவங்களுக்கு இருபத்தொம்போது வயசு. என் தம்பிக்கு முப்பத்தெட்டு. அவங்களை எதுக்கு சார் அவன் அக்கான்னு கூப்பிடப் போறான்?